பாசியும் பெட்ரோலும்: பாக் விரிகுடாக் கரைப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் தொடங்கி தொண்டி தாண்டியும் பாக் விரிகுடாக் கரை நெடுகத் தெப்பம் கட்டிப் பாசி வளர்க்கும் அக்காமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும்,



கடற்பாசியிலிருந்து பெட்ரோலுக்கு மாற்று வரப்போகிறது என்று நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் உங்களில் யாராவது என்னிடம் கேட்கிறீர்கள்: "அப்படி வந்தால் நம்ம பாசிக்கு விலை ஏறுமா டீச்சர்?" வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாசியிலிருந்து எரிபொருள் எடுக்க முடியும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, நல்ல அறிவியல்தான். ஆனால் எரிபொருளுக்கென்றே உங்கள் பாசியை விலை பேசி ஒருவர் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சாறும் கூழும் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் எரிபொருள் எடுக்கலாம் என்று இன்னொருவர் வந்தால் அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் உங்கள் பிழைப்பே அடங்கியிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பெட்ரோலில் இன்று கலக்கப்படும் எத்தனால் என்பது சாராயம்தான். சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்கும், அதைக் காய்ச்சி வடிக்க வேண்டும். கரும்புச் சாற்றில் சர்க்கரை நேராகவே கிடைக்கிறது. மக்காச்சோளத்திலும் அரிசியிலும் மாவுச்சத்தாக இருக்கிறது, அதை உடைப்பது எளிது. நீங்கள் வளர்க்கும் பெப்சி பாசியிலும் சர்க்கரை உண்டு. ஆனால் அது கராஜீனன் என்ற நீண்ட சங்கிலிக்குள் கட்டுண்டு கிடக்கிறது. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாகப் பிடித்து வைக்கும் கூழ் இதுதான். இந்தக் கரையில் உங்கள் பாசிக்கு விலை கிடைப்பதே இதனால்தான். அந்தச் சங்கிலியில் இரண்டு வகைச் சர்க்கரை மாறி மாறிக் கோத்திருக்கும். அமிலம் விட்டு வேகவைத்தால் சங்கிலி அறும். அறுந்தபின் ஒன்றான காலக்டோஸை ஈஸ்ட் தின்னும், மெதுவாகத் தின்னும். மற்றதைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. அதோடு நில்லாமல், அமிலச் சூட்டில் அந்த இரண்டாவது சர்க்கரை சிதைந்து ஈஸ்ட்டுக்கே நஞ்சாகும் ஒரு பொருளாக மாறிவிடும். போதாததற்குப் பாசியோடு வரும் உப்பும் ஈஸ்ட்டுக்கு ஆகாது.

இதையெல்லாம் தாண்டி எத்தனால் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நம் மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் பாவ்நகர் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமே இதே பாசியிலிருந்து எத்தனால் எடுத்த ஆய்வை 2012இல் வெளியிட்டது. அதே 2012இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பயோ ஆர்க்கிடெக்சர் லேப் என்ற நிறுவனத்தின் விஞ்ஞானிகள், கெல்ப் எனும் பழுப்புப் பாசியின் சர்க்கரைகள் அனைத்தையும் தின்னும்படி ஒரு பாக்டீரியாவை மாற்றியமைத்து, 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஈரமே இல்லாத ஒரு கிலோ பாசிக்கு 281 கிராம் எத்தனால். பாசி எத்தனாலில் உலகமே திரும்பிப் பார்த்த அளவு அது.

அந்த அளவையே எடுத்துக்கொண்டு உங்கள் தெப்பத்துக்குக் கணக்குப் போடுவோம். பழுப்புப் பாசிக்குக் கிடைத்த அளவு அது. உங்கள் சிவப்புப் பாசியில் அவ்வளவு வராது. இருந்தாலும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

பத்தடிக்குப் பத்தடி மூங்கில் தெப்பம். 60 கிலோ விதைப் பாசி கட்டினால் 45 நாளில் 260 கிலோ. திரும்பக் கட்ட 60 கிலோவை எடுத்து வைத்தால் 200 கிலோ விற்பனைக்கு. ஒருவருக்கு 45 தெப்பம், நாளுக்கு ஒரு தெப்பம் அறுவடை என்பது உங்களுக்குச் சொல்லித் தந்த முறை. பாசியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த 200 கிலோவை எலும்பு காய்கிற மாதிரி முழுக்கக் காயவைத்தால் மிஞ்சுவது 20 கிலோ. அதிலிருந்து ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான எத்தனால். லிட்டரில் சொன்னால் ஏழு.

உங்களில் ஒருவர் விடியலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, தெப்பத்தைக் கரைக்கு இழுத்து, பாசியை அறுத்து, திரும்பக் கட்டி, காயவைத்து முடிக்கும் ஒரு நாள் உழைப்புக்கு ஏழு லிட்டர். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட வலு குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைக்கும். ஆக உங்கள் ஒரு நாள் அறுவடை ஐந்து லிட்டர் பெட்ரோலுக்குக்கூட ஈடில்லை.

பணமாகப் பார்த்தாலும் இதே கதைதான். எண்ணெய் நிறுவனங்கள் எத்தனாலுக்குத் தரும் விலைகளில் உயர்ந்தது மக்காச்சோள எத்தனாலுக்கானது, லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. அந்த விலையே பாசி எத்தனாலுக்கும் கிடைப்பதாக வைத்தாலும் ஒரு தெப்பத்துக்கு 500 ரூபாய் சொச்சம். அதுவும் ஆலைக்காரர் கைக்கு வரும் மொத்த வரவு. அமிலம், நொதி, கொதிகலன் விறகு, ஆள் கூலி, வண்டி வாடகை, வட்டி எல்லாம் அதிலிருந்து போனபிறகு மிஞ்சுவதுதான் உங்களுக்கு. ஒரு பேச்சுக்கு, ஆலைக்காரர் ஒரு காசும் எடுக்காமல் அத்தனையையும் உங்களிடமே கொடுத்துவிடுகிறார் என்று வையுங்கள். நீங்கள் மூட்டை கட்டும் பாசியில் இன்னும் ஈரமும் உப்பும் இருக்கும். ஆகவே மூட்டைக் கணக்கில் கிலோவுக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய்க்குள் அடங்கும். இன்று நீங்கள் காய்ந்த பாசிக்கு வாங்கும் விலையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை உங்களைச் சோர்வடையச் செய்ய எழுதவில்லை. பாசி எரிபொருள் வேண்டும் என்று சொல்பவர்கள் நல்ல காரணத்தோடுதான் சொல்கிறார்கள். 2025இல் நாட்டின் பெட்ரோலில் இருபது சதவீத எத்தனால் கலப்பை எட்டினோம். அதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி லிட்டர் எத்தனால் தேவை. அது கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வருகிறது. அத்தனைக்கும் நிலம் வேண்டும், நன்னீர் வேண்டும், உரம் வேண்டும். சாப்பாட்டுத் தானியத்தை வண்டிக்கு ஊற்றுவதா என்ற கேள்வியும் நியாயமான கேள்வி. பாசிக்கு இவை எதுவும் வேண்டாம். மரக்கட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பிசின் பாசியில் இல்லாததால் மரத்தைவிட உடைப்பது சுலபம். கடலில் நின்று, கடல் நீரில் இருக்கும் சத்தைக் குடித்து, வெயிலில் வளர்கிறது. ராமநாதபுரம் வெயிலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நார்வேயிலும் டென்மார்க்கிலும் பாசியைக் காயவைக்கவே எரிபொருள் செலவழிக்க வேண்டும். உங்களுக்கு மணலில் வலை விரித்துப் போட்டால் போதும்.

ஆனால் அளவைப் பாருங்கள். அந்த 1,000 கோடி லிட்டரையும் பாசியிலிருந்தே எடுப்பதென்றால், நான் மேலே சொன்ன தாராளக் கணக்கிலேயே, 28 கோடி டன்னுக்கு மேல் ஈரப்பாசி வேண்டும். சீனா, இந்தோனேசியா, கொரியா, பிலிப்பைன்ஸ் என உலகம் முழுவதும் சேர்ந்து ஆண்டுக்கு விளைவிப்பது ஏறத்தாழ மூன்றரைக் கோடி டன். மத்திய அரசின் மீன்வளத் திட்டம் 2025க்குள் இந்தியாவில் எட்ட வேண்டும் என்று வைத்த இலக்கு 11 லட்சம் டன்னுக்குச் சற்று மேல். அந்த இலக்கு முழுதும் எட்டி, ஒரு கிலோகூட ஐஸ்கிரீமுக்கும் உரத்துக்கும் போகாமல் அத்தனையும் எத்தனால் ஆனால், கிடைப்பது சுமார் 4 கோடி லிட்டர். தேவையில் அரை சதவீதம்கூட இல்லை.

இந்தக் கனவு புதிதும் அல்ல. நூறு ஆண்டு வயதான ஒரு முன்கதை இதற்கு உண்டு. உங்களுக்கு அது அவசியம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் வெடிமருந்துக்கு அசிட்டோன் என்ற திரவம் ஏராளமாக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் டியேகோ பக்கத்தில் சூலா விஸ்டா என்ற ஊரில், ஹெர்குலிஸ் பவுடர் என்ற வெடிமருந்துக் கம்பெனி 1916இல் ஓர் ஆலை போட்டது. கடலில் காடாக வளர்ந்து நின்ற ராட்சதக் கெல்ப் பாசியைக் கப்பலில் பொருத்திய கத்திகளால் அறுத்து வந்தார்கள். பெரிய பெரிய தொட்டிகளில் அதைப் புளிக்க வைத்தார்கள். புளித்ததில் சுண்ணாம்பு சேர்த்து, உப்பாக்கி, சூடாக்கி, அசிட்டோன் எடுத்தார்கள். பாசியைப் புளிக்கவைத்துத் திரவம் எடுப்பது ஆலை அளவில் நடந்தது, ஆண்டுக்கணக்கில் நடந்தது. இன்று நாம் பேசும் எரிபொருளுக்கு மிக நெருங்கிய முறை அது.

அந்த ஆலையைத் தாங்கியதில் பெரும் பங்கு பொட்டாஷுக்கு உண்டு. அதுவரை உலகத்துக்கே பொட்டாஷ் உரம் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. போரில் அது நின்றுபோக, அமெரிக்காவில் பொட்டாஷ் விலை மலைபோல ஏறியது. கெல்ப் பாசியில் பொட்டாசியம் நிறைய. ஒரே பாசியிலிருந்து அசிட்டோனும் எடுத்தார்கள், பொட்டாஷும் எடுத்தார்கள். போர் முடிந்தது. அசிட்டோன் தேவை விழுந்தது, ஜெர்மன் பொட்டாஷ் திரும்ப வந்தது. ஆலையும் மூடப்பட்டது. திரவத்தை மட்டும் விற்று அந்த ஆலை நின்றதில்லை, அவசரத் தேவை போனபின் இரண்டையும் விற்றும்கூட நிற்க முடியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பொட்டாசியத்தைப் பற்றித் திரும்பப் பேச வேண்டியிருக்கிறது.

1973இல் எண்ணெய் விலை எகிறியபோது அமெரிக்கக் கடற்படை விஞ்ஞானி ஹோவர்ட் வில்காக்ஸ் முன்வைத்த திட்டத்தில் ஆழ்கடலில் கெல்ப் பண்ணை அமைத்துப் பார்த்தார்கள். அங்கே நோக்கம் எரிவாயு. அலையிலும் நீரோட்டத்திலும் நட்ட செடிகள் அறுந்துபோயின. 1980களில் எண்ணெய் விலை இறங்க, திட்டமும் நின்றது. பெர்க்லி நிறுவனத்தின் 2012 சாதனையும் பெட்ரோல் பங்க் வரை வரவில்லை. ஐரோப்பாவில் 'மேக்ரோ ஃபியூல்ஸ்' என்ற கூட்டுத் திட்டம் பாசியிலிருந்து எத்தனாலும் பியூட்டனாலும் எடுத்துப் பார்த்தது. 2019இல் டென்மார்க்கில் பாசி எத்தனால் பத்து சதவீதம் கலந்த பெட்ரோலில் காரே ஓட்டிக் காட்டினார்கள். கார் நன்றாகவே ஓடியது. எத்தனால் எதிலிருந்து வந்தாலும் எத்தனால்தானே, இன்ஜினுக்கு அது தெரியாது. ஓடுமா என்பது என்றுமே சந்தேகமாக இருந்ததில்லை. வளர்ப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் ஒவ்வொரு முறையும் விடை இல்லாமல் நின்றது.

அந்த விடையை அமெரிக்க அரசு 2017இல் எண்ணாகவே எழுதி வைத்தது. அதன் எரிசக்தி ஆய்வு அமைப்பு தொடங்கிய 'மரினர்' என்ற திட்டத்தின் இலக்கு: காய்ந்த பாசியை டன் 80 டாலருக்குள் விளைவிக்க வேண்டும். அப்போதுதான் எரிபொருளுக்குக் கட்டுப்படியாகும். நம் பணத்தில் கிலோ ஏழு ரூபாய். ஏழு ரூபாய் என்பது விளைவிக்கும் மொத்தச் செலவு, லாபம்கூட அதில் சேரவில்லை. இந்த விலைக்குப் பாசி விளைய வேண்டுமென்றால் நடுக்கடலில், ஏக்கர் கணக்கில் கயிறு போட்டு, இயந்திரம் கட்டி, இயந்திரம் அறுக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் ஆராய்ந்த பண்ணைகள் அப்படிப்பட்டவைதான். அது ஒருநாள் சாத்தியமாகலாம், ஆகட்டும். அந்தப் பண்ணையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி கட்டும் பெண்ணுக்கு இடம் இல்லை. எரிபொருள் பாசிக்கு நல்ல காலம் வந்தால் உங்களுக்கும் நல்ல காலம் வரும் என்று யாராவது மேடையில் சொன்னால், இந்த ஏழு ரூபாயை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி பொட்டாசியத்துக்கு வருகிறேன். நம் கரைக்கு இருக்கும் நல்ல வழி அதற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் வளர்க்கும் பெப்சி பாசி 1984இல் ஜப்பான் வழியாக குஜராத்தின் ஓகா துறைமுகத்துக்கு வந்தது. பூர்வீகம் பிலிப்பைன்ஸ். தொண்ணூறுகளின் நடுவில் மண்டபத்தில் நட்டுப் பார்த்தார்கள். பெப்சி நிறுவனம் வந்து ஒப்பந்தச் சாகுபடி தொடங்கியபின் அதன் பெயரே பாசிக்கும் ஒட்டிக்கொண்ட கதையை நீங்கள் எனக்குச் சொல்லித் தருவீர்கள். ஆனால் அதே சமயத்தில் பாவ்நகர் விஞ்ஞானிகள் செய்த ஒரு வேலை வெளியில் அவ்வளவாகத் தெரியாது. அதுவரை எல்லோரும் பாசியைக் காயவைத்துத்தான் கராஜீனன் எடுத்தார்கள். இவர்கள் பச்சைப் பாசியைக் காயவைக்காமல் அப்படியே அரைத்துப் பிழிந்தார்கள். சாறு தனி, சக்கை தனி. சாற்றில் பொட்டாசியமும் பயிரை ஊக்கும் பொருட்களும் நிறைந்திருந்தன. பயிர் மேல் தெளித்தால் விளைச்சல் கூடியது. சக்கையிலிருந்து வழக்கம்போலக் கராஜீனன் வந்தது. இந்த முறைக்கு 2005இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்கள். வீணாக வெயிலில் ஆவியாகப் போன தண்ணீர் பாட்டிலில் அடைத்து விற்கும் பண்டமானது.

பனையை நினைத்துப் பாருங்கள். ஓலையும் நாரும் பதநீரும் நுங்கும் கிழங்கும் எடுத்தபின் மிஞ்சுவதைத்தான் நம் ஊரில் அடுப்புக்கு விட்டார்கள், நிற்கிற மரத்தை யாரும் விறகுக்கு வெட்டவில்லை. பாசிக்கும் அதே வரிசைதான் பொருந்தும். முதலில் சாறு. அடுத்து கராஜீனன். கராஜீனன் எடுத்தபின் ஆலையில் ஒரு நார்ச்சக்கை மிஞ்சும். அதில் செல்லுலோஸ் நிறைய. அதை நொதி விட்டு உடைத்தால் குளுக்கோஸ் கிடைக்கும். ஈஸ்ட்டுக்கு மிகப் பிடித்த சர்க்கரை அது. மேலே சொன்ன இரண்டாவது சர்க்கரைத் தொல்லை இங்கே பெரிதாக இல்லை. பிரேசிலிலும் மலேசியாவிலும் ஆய்வுக்கூடங்களில் இந்தச் சக்கையிலிருந்து எத்தனால் எடுத்திருக்கிறார்கள். அதற்கு மூலப்பொருள் விலை ஏறக்குறைய இல்லை, ஏனென்றால் பாசிக்கான காசைச் சாறும் கூழும் ஏற்கெனவே கொடுத்துவிட்டன. அளவு சிறிதாகத்தான் இருக்கும். ஆலையின் சொந்தக் கொதிகலனுக்கும் வண்டிக்கும் ஆகிற அளவாக இருக்கலாம். ஆனால் யார் வயிற்றிலும் அடிக்காத எரிபொருள் அது.

இன்னொரு வழியும் சோதனையில் இருக்கிறது. பாசியைக் காயவைக்காமலே, முந்நூறு டிகிரிக்கு மேல் சூட்டிலும் இருநூறு மடங்கு காற்றழுத்தத்திலும் ஒரு குழாய்க்குள் அடைத்து வேகவைத்தால், கச்சா எண்ணெய் போன்ற ஒரு கரிய எண்ணெய் பிரியும். ஈஸ்ட்டின் நச்சரிப்பு இல்லை, எந்தச் சர்க்கரையாக இருந்தாலும் சரி, அழுகிய பாசியானாலும் சரி. ஆனால் அந்தச் சூட்டில் கடலுப்பு குழாயை அரித்துத் தின்னும், அழுத்தம் தாங்கும் பாத்திரத்துக்குப் பெரும் முதல் வேண்டும். இது உங்கள் மகளிர் குழு நடத்துகிற வேலையல்ல. நோய் விழுந்த பாசியும் புயலில் அறுந்து கரை ஒதுங்கும் பாசியும் உங்களுக்கு ஆண்டுதோறும் வீணாகின்றனவே, அவற்றுக்கு இதைவிடச் சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்று எளிதாகப் பொருந்தும். வருவது திரவம் அல்ல, வாயு. ஆனாலும் சமைக்கலாம்.

இப்போது கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது உங்களில் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். கடலைக் காக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் முதலில் உங்களைத்தான் வெளியே நிறுத்தினார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனபோது, தலைமுறையாக மரிக்கொழுந்துப் பாசியும் கட்டைக்கோரையும் எடுத்த பெண்கள் தங்கள் சொந்தக் கடலில் குற்றவாளிகளாகப் பார்க்கப்பட்டார்கள். விரலில் துணி சுற்றி, காலில் தட்டுக் கட்டி மூழ்கிய அந்தப் பெண்கள்தான், அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் பன்னிரண்டு நாளுக்கு மேல் பாசி எடுப்பதில்லை என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்தார்கள். கடலை எப்படி அளந்து எடுப்பது என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதை மனதில் வைத்துத்தான் இதை உங்களிடம் பேசுகிறேன்.

பெப்சி பாசி இந்தக் கடலில் பிறந்ததல்ல. ஒரு கிளை அறுந்து மிதந்துபோனால், போய் ஒட்டிய இடத்தில் வளரும். குருசடைத் தீவுப் பக்கம் அது பவளப்பாறை மேல் படர்ந்து மூடியதை 2008இல் விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். மூடிய பவளம் வெளிச்சம் இல்லாமல் சாகும். பவளம் போனால் அதை நம்பி இருக்கும் மீன் போகும், மீன் போனால் உங்கள் வீட்டு ஆண்களின் வலை வெறுமையாக வரும். பவளப் பாதுகாப்புப் பகுதிகளைத் தவிர்த்து இந்தப் பாசியை வளர்க்க வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு வைத்ததும் இந்த அச்சத்தால்தான். பாக் விரிகுடாவின் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர், கடல் பசுவுக்கென்று 2022இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடல் பசு தின்பது கடற்புல். கடற்புல்லுக்கு வெயில் வேண்டும், மேலே தெப்பம் நெருக்கமாக நின்றால் நிழல் விழும். இன்று நீங்கள் வைத்திருக்கும் தெப்பங்கள் இந்தக் கடலுக்குப் பெரும் சுமை அல்ல என்றே நினைக்கிறேன். எரிபொருள் என்ற பெயரில் பல மடங்காகப் பெருக்கினால் அப்படிச் சொல்ல மாட்டேன். எரிபொருளின் பசிக்கு அளவே கிடையாது. ஐஸ்கிரீமுக்கு வேண்டிய பாசிக்கு ஓர் எல்லை இருக்கிறது, வண்டிக்கு வேண்டிய பாசிக்கு எல்லை இல்லை.

பெருக்கினால் பாசிக்கே ஆபத்தும் உண்டு. எல்லாத் தெப்பத்திலும் ஒரே தாய்ப் பாசியின் துண்டுகள்தான் கட்டப்பட்டிருக்கின்றன. 2013இல் கடல் சூடேறியபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு மறந்திருக்காது. கிளை வெளுத்து, நைந்து, கைபட்டால் உதிர்ந்தது. ஒரே பருவத்தில் விதைக்குக்கூடப் பாசி இல்லாமல் போனது. பல குடும்பங்கள் அதோடு தொழிலை விட்டன. ஓரா மீன் கடித்தாலாவது கீழே வலை கட்டித் தடுக்கலாம், கடல் சூட்டுக்கு எந்த வலையைக் கட்டுவது? ஆலை ஒன்று தினமும் இத்தனை டன் என்று ஒப்பந்தம் போட்டிருக்கும்போது இப்படி ஒரு பருவம் வந்தால், நஷ்டம் யார் தலையில் விழும்? அதைத்தான் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டும்.

வலமாவூரில் பாசிப் பூங்கா வருகிறது. 2023இல் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பீடு 127 கோடி ரூபாய். விதைப் பண்ணை, ஆய்வுக்கூடம், புதிய தொழில்களுக்கு இடம் எல்லாம் அதில் உண்டு என்கிறார்கள். பாசி எரிபொருள் பேசும் தொழில்முனைவோரும் அங்கே வருவார்கள். வரட்டும், நல்லதுதான். படித்த பிள்ளைகள் நம் கடலைப் பார்க்க வருவது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பூங்காவில் பச்சைப் பாசியை அரைத்துப் பிழியும் ஆலை முதலில் வர வேண்டும், அதில் உங்கள் குழுக்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். பிழிவதில் பெரிய வித்தை இல்லை. பச்சைப் பாசி கரையிலிருந்து சீக்கிரம் ஆலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதனால் அந்த ஆலை உங்கள் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும், தொலைதூர நகரத்துக்குப் போக முடியாது. உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம் அது. காய்ந்த பாசியை எங்கு வேண்டுமானாலும் லாரியில் ஏற்றிப் போகலாம். பச்சைப் பாசிக்கு அவர்கள்தான் உங்களிடம் வர வேண்டும்.

எரிபொருள் என்று ஒருவர் வந்தால், என்ன விலை என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சாறு எடுப்பீர்களா, கராஜீனன் எடுப்பீர்களா, அவற்றின் வருமானத்தில் எங்கள் பங்கு என்ன என்று கேளுங்கள். எண்ணெய் விலை இறங்கினால் எங்கள் பாசி விலையும் இறங்குமா என்று கேளுங்கள். இறங்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏனென்றால் அது கட்டாயம் ஒருநாள் இறங்கும், 1980களில் இறங்கியது போல. வெளுப்பு நோய் வந்தாலும் கடல் சூடேறினாலும் புயல் அடித்தாலும் விதைப் பாசி யார் தருவார்கள், அதுவரை குழுக்கடன் தவணையை யார் கட்டுவார்கள் என்று கேளுங்கள். தெப்பம் எந்தக் கடலில் நிற்கும், கரைவலைக்காரருக்கும் நாட்டுப்படகுக்கும் வழி எங்கே விடுவீர்கள் என்று உங்கள் வீட்டு ஆண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு படி குழுவின் கையில் இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் நீட்டினால் கையெழுத்துக்கு முன் ஒரு வாரம் தவணை வாங்கி எனக்கு அனுப்பி வையுங்கள். படித்துத் தமிழில் எழுதித் தருகிறேன். வேதிப்பொருள் கணக்கு ஏதாவது காட்டினால் அதையும் அனுப்புங்கள். ஒரு டன் ஈரப்பாசிக்கு 35 லிட்டருக்கு மேல் எத்தனால் வரும் என்று அதில் இருந்தால், எந்த ஆய்வுக்கூடத்தில், எந்தப் பாசியில் அது கிடைத்தது என்று நான் அவர்களிடமே கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வேதியியல் டீச்சர்
ராமநாதபுரம்